ஏழு பில் எங்கே போச்சு?

கொழிஞ்சாம்பாறையில் கயிறு வியாபாரம் பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் போன் பண்ணினார். "ஏங்ண்ணா, மொத்தம் 412 பில்லுங்க. கேரளா 289, வெளி மாநிலம் 116னு வருது. மீதி ஏழு எங்கீங்க போச்சு?"

ஊர் பாலக்காடு மாவட்டம், கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு. கேரளாவுக்குள் விற்றால் வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று இரண்டாகும், எல்லை தாண்டினால் ஐஜிஎஸ்டி என்று ஒன்றே. அதனால் ராத்திரி ஓடும் ஒரு புரோகிராம், வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து (கேரளா 32, தமிழ்நாடு 33, ஆந்திரா 37) பில்களைப் பிரித்துப் போடும். சட்டம் பார்ப்பது சரக்கு போய்ச் சேரும் இடத்தை, ஆனால் இவருக்கு இந்தக் குறுக்குவழியே போதுமாக இருந்தது.

பிரிப்பது என்றதும் ஆளுக்கொரு கூடையில் அள்ளிப் போடுவதாகத்தான் தோன்றும். தரவை எடுத்துப் பிரித்துச் சேர்க்கும் மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்ஐஎஸ் என்ற கருவி அப்படிச் செய்வதில்லை: வரிசைகள் (ஒரு பில்லுக்கு ஒரு வரிசை) கொத்துக்கொத்தாக நினைவகத்துக்கு வரும், ஒவ்வொன்றும் எந்த வெளியீட்டுக்குரியது என்று குறிக்கப்படும், அவ்வளவுதான், இடம் மாறாது. வரிசைப்படுத்துவதற்கு எல்லாத் தரவும் வந்து சேரக் காத்திருக்க வேண்டும், இதற்கு வேண்டாம்.

சரி, அந்த ஏழு? ஜிஎஸ்டி எண்ணே இல்லாத சில்லறை ஆட்கள். அவர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணுக்கான கட்டத்தில் இருந்தது நல் (NULL), அதாவது 'தெரியாது'. டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் தவிர மூன்றாவதாக இப்படியொரு பதில் உண்டு. தம்பியின் புரோகிராமில் இருந்தது இரண்டு வடிகட்டி, கேரளாவுக்கு ஒன்று, வெளி மாநிலத்துக்கு ஒன்று. 32-க்குச் சமமா என்று கேட்டால் தெரியாது, சமமில்லையா என்று கேட்டாலும் தெரியாது, இரண்டு வடிகட்டியும் 'உண்மை' வந்தால்தான் உள்ளே விடும். எர்ரர்கூட வராமல் ஏழும் நடுவில் விழுந்துவிட்டன. (எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வேறு, நல் வேறு, ஆனால் ஆரக்கிள் டேட்டாபேஸில் இரண்டும் ஒன்றுதான், அது தனித் தலைவலி.)

தனித்தனி வடிகட்டி வைக்காமல் பிரிப்பான் ஒன்றைப் போட்டால், எதிலும் பொருந்தாதவை விழ ஒரு மிச்ச வெளியீடு கிடைக்கும். ஆனால் கருவிக்குக் கருவி குணம் மாறும். எஸ்எஸ்ஐஎஸ்ஸில் முதலில் பொருந்தும் நிபந்தனையோடு சரி, கீழே இருப்பதைப் பார்க்காது. நிபந்தனையின் விடையே நல் ஆகிவிட்டால் எர்ரர் அடித்து நிற்கும். இதே வேலைக்கான இன்னொரு கருவி இன்ஃபர்மாட்டிகா, அதன் பிரிப்பானான ரவுட்டர் பொருந்தும் எல்லாக் குழுவுக்கும் அனுப்பும், ஒரே பில்லுக்கு இரண்டு தடவை வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

நல் உள்ள பில்களை முதல் நிபந்தனையிலேயே தனியாக ஒதுக்கினோம், 412-ம் சரியாக வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், வெளி மாநில 116-க்குள் சித்தூர்க் கடை ஒன்றின் பில்! சித்தூர் என்றால் ஆந்திரச் சித்தூர் இல்லை, பக்கத்திலேயே இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர். எண்ணுக்கு முன்னால் யாரோ ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்கள், முதல் இரண்டு எழுத்து ஸ்பேஸும் 3-ம், 32 இல்லையென்றால் வெளி மாநிலம் என்று அதுவும் ஐஜிஎஸ்டிக்குப் போய்விட்டது. இப்போது முதல் வேலையே ஸ்பேஸை வெட்டுவது. வெளி மாநிலக் குறியீடுகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறோம், மிச்ச வெளியீட்டில் ஒரு பில் விழுந்தாலும் தம்பிக்கு மெசேஜ் போகும்.