‘பரம்பரைங்க சார்’ என்ற பிறகு கேட்க வேண்டியவை

பிரஷர் மாத்திரை எழுதத் தொடங்கினாலே எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “எங்கப்பாவுக்கும் இருந்துச்சுங்க சார், பரம்பரை.” பாலக்கோட்டிலிருந்து வருபவரும் சொல்வார், ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவரும் சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்தது என்பது சொல்கிற விதத்திலேயே தெரியும். எனக்கோ அங்கேதான் தொடங்குகிறது. அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது? எதனால் இறந்தார்? கூடப் பிறந்தவர்கள் யாராவது அளந்து பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பரம்பரை என்பதில் தப்பில்லை. ரத்த அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறுவதில் சுமார் 30 முதல் 50 சதவீதம் மரபணுக்களின் பங்கு என்று குடும்பங்களையும் இரட்டையர்களையும் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அது எப்படி இறங்கி வருகிறது என்பதில் பிரிட்டனில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்றார் மருத்துவர் ராபர்ட் பிளாட். இல்லை, உயரம் எப்படிப் பல மரபணுக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருகிறதோ அப்படித்தான் இதுவும் என்றார் இன்னொரு மருத்துவர் ஜார்ஜ் பிக்கரிங். 1950களில் சூடு பிடித்த அந்தச் சண்டையில் பிக்கரிங் பக்கமே நியாயம் இருந்தது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. 2011இல் சுமார் 2 லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்த்தபோது ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள 29 மாற்றங்கள் கிடைத்தன. 2018இல் 10 லட்சம் பேரைப் பார்த்தார்கள். ஒரேயடியாக 535 புதிய இடங்கள். பழையதையும் சேர்த்தால் 901. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாக உயர்த்துவது பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கும் குறைவு.

ஆகவே ‘பிரஷர் ஜீன்’ என்று ஒன்றும் உங்கள் உடம்பில் உட்கார்ந்திருக்கவில்லை. எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் இதய ஆபத்தைச் சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களைக் காட்டி, எடுக்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். சாதாரண பிரஷருக்கு அந்தக் காசு வீண் என்பது என் கருத்து. மரபணு மாற்றங்களைக் கூட்டி ஆபத்துக்கு மதிப்பெண் போடும் இந்தக் கணக்குகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தத்தை வைத்துப் போட்டது. நமக்கு அப்படியே பொருந்தாது. ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில்தான் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து பலன் வரட்டும். அதுவரை கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியே போதும்.

உப்புக்கு வருவோம். 1988இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வு உலகின் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்தது. அமேசான் காட்டு யனோமாமி மக்கள் உணவில் உப்பே சேர்ப்பதில்லை; அவர்களுக்கு வயது ஏறினாலும் பிரஷர் ஏறவில்லை. நம் ஊரில் ராகிக் களியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சாப்பாடு. அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பும், மாங்காய் சீசனில் வீட்டுக்கு வீடு ஜாடி நிறையப் போடும் ஊறுகாயும்தான் கணக்கைக் கெடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். இதய நோய்க்கான மரபணு ஆபத்து அதிகம் உள்ளவர்களிலும் ஒழுங்கான வாழ்க்கை முறை அந்த ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று இதய மரபணு ஆய்வாளர் சேகர் கதிரேசனின் குழு 2016இல் காட்டியது. புகைக்காமல் இருப்பது, எடை, நடை, சாப்பாடு: அவர்கள் பார்த்தது இந்த நான்கைத்தான்.

‘பரம்பரை’ என்ற முத்திரை இன்னொரு கெடுதலும் செய்கிறது. இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு 170/110 இருந்தால் அதைக் குடும்ப வழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. சிறுநீரகமா, அதன் ரத்தக்குழாய் சுருக்கமா, அட்ரினல் சுரப்பியா என்று தேட வேண்டும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் கட்டாயம் தேட வேண்டும். ஒற்றை மரபணுவால் வரும் பிரஷரும் அபூர்வமாக உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் லிஃப்டன் 1990களில் அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். ஏறக்குறைய எல்லாமே சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கோளாறாகவே முடிந்தன. லிடில் நோய் அதில் ஒன்று. வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத அந்தப் பிரஷர் அமிலோரைடு என்ற மலிவான மாத்திரைக்கு இறங்கும்.

பிரஷரில் ஒற்றை மரபணு அபூர்வம். கொழுப்பில் அப்படி இல்லை. குடும்ப வழிக் கொழுப்பு நோய் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கல்லீரல் வாங்கிகள் இவர்களுக்குப் பிறவியிலேயே பாதிதான் வேலை செய்யும். அந்த வாங்கியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பெற்றார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் மாரடைப்பு வந்துவிடும்.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாற்பதைத் தாண்டவில்லை, ஒல்லி, பீடி கிடையாது. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. படுக்கச் சொல்லிக் காலைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநார் இரண்டு பக்கமும் தடித்து, அழுத்தினால் சின்னச் சின்ன முடிச்சாகத் தட்டுப்பட்டது. “அது செருப்பு உரசினதுங்க சார், எங்கண்ணனுக்கும் இருந்துச்சு” என்றார். அண்ணன் காட்டு வேலையில் மயங்கி விழுந்து இறந்தவர். அது செருப்புக் காய்ப்பு அல்ல, படிந்த கொழுப்பு. முன்பு எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தால் எல்டிஎல் 260. பெரியவர்களுக்கு 190ஐத் தாண்டினாலே குடும்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

அவர் பிள்ளைகளுக்கு இது இறங்கியிருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பத்து வயதுக்குள் பிள்ளைகளுக்கு ஒரு கொழுப்பு டெஸ்ட் எடுத்துவிட்டால் தெரிந்துவிடும். மரபணுச் சோதனைகூடத் தேவையில்லை. வெறும் வயிறும் கட்டாயமில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதய மரபணு ஆய்வில் நம் நாட்டுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் இந்தியர்களில் நூற்றில் நான்கு பேரிடம் இருக்கிறது என்று ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிலையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் எழுதினார்கள். ஐரோப்பியரிடம் இல்லாத மாற்றம் இது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்தை இது கூட்டுகிறது. சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கூடவே இன்னொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களுக்குத்தான் கவலை அதிகம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. செய்தியைப் படித்துவிட்டுப் பயந்து ஓடிவர வேண்டாம். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்துக்காரரின் குடும்பப் படத்தை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு. இரட்டைக் கோடு மூன்று இடத்தில் விழுந்தது. எங்கள் இரு மாவட்டங்களிலும் இது புதிதல்ல. அக்காவும் கூடவே வந்திருந்தார். தன் மகளைக் கடைசித் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேச்சு, கொடுக்கலாமா என்று கேட்டார். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பவர்கள். இருவரில் ஒருவருக்குத்தான் கொழுப்பு நோய் என்றால், பிள்ளைகளுக்கு அது மாத்திரையில் அடங்கும் அளவில்தான் வரலாம். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இரட்டையாக இறங்கும். அந்தக் குழந்தைக்கு கொலஸ்ட்ரால் 500ஐத் தாண்டும், முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள் வரும், பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே மாரடைப்பு வரலாம்.

கல்யாணம் அவர்கள் வீட்டு விஷயம். பத்திரிகை அடிக்கும் முன் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொழுப்பு டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டோடு வாங்க, அப்புறம் பேசலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வரும் அம்மாவிடம் வீட்டில் மற்றவர்களும் பிரஷருக்குக் கையை நீட்டச் சொன்னேன். 2021இல் அந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.