பெலாரூஸ்காரர் என்பதாலேயே ஒருவர் பெலாரூசிய மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடமாட்டார்

மொழிபெயர்ப்பு வேலைகளை ஒருங்கிணைப்பது என் தொழில். பெலாரூசியம்–ரஷ்யம் இணைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது: "ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மொழிதானே, தலைநகர் மின்ஸ்க்கில் இருக்கும் யாராவது போதும்." இந்த நினைப்போடு தேடினால் பணமும் வீண், நாளும் வீண்.

1995 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு பெலாரூஸில் ரஷ்யமும் ஆட்சிமொழி. 2019 கணக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேலானோர் பெலாரூசியத்தைத் தாய்மொழி என்றார்கள். வீட்டில் பேசுவதாகச் சொன்னவர்களோ நாலில் ஒரு பங்குதான். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பதும் ரஷ்யத்தில். ஆகவே பெலாரூசியத்திலிருந்து ரஷ்யத்துக்கு ஆள் எளிதில் கிடைப்பார். எதிர்த்திசையில், பிழையில்லாமல் பெலாரூசியம் எழுதத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எந்தத் திசை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எழுத்துமுறை, அதாவது சொற்களை எழுத்துக்கூட்டும் விதி. 1918இல் மொழியியலாளர் தராஷ்கேவிச் எழுதிய இலக்கணத்தை ஒட்டிய பழைய முறையைப் புலம்பெயர்ந்தோரும் சில பதிப்பகங்களும் இன்றும் விரும்புகிறார்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியது 1933 சீர்திருத்தத்தின் வழிவந்த முறை; அதன் இன்றைய விதிகள் 2010 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. எது வேண்டும் என்று உங்களிடம் கேட்கும் மொழிபெயர்ப்பாளர் மீது எனக்கு உடனே நம்பிக்கை வரும்.

வேலையைக் கொடுக்கும் முன் உங்கள் கோப்பிலிருந்தே ஒரு பக்கத்தை மாதிரிக்குக் கொடுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். மொழி தெரியாதவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஆங்கில 'என்' எழுத்தைத் திருப்பிப் போட்டது போன்ற ரஷ்ய இகரம் பெலாரூசிய எழுத்துவரிசையில் கிடையாது. பெலாரூசிய உரைக்குள் அது தென்பட்டால் ரஷ்ய விசைப்பலகையில் அவசரமாக அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் போதாது; பெலாரூசியத்தில் எழுதிப் பழகிய இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். கணினி மொழிபெயர்ப்பை லேசாகத் தட்டிக்கொட்டிக் கொடுத்திருந்தால் அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

பெயர்க்க வேண்டியது சான்றிதழ் என்றால் பெயரில் கவனம் வேண்டும். ரஷ்யத்தில் விளாதிமிர் என்பவர் பெலாரூசியத்தில் உலாட்ஸிமிர். நிகலாயின் மகனுக்கு அங்கே தந்தைப்பெயர் மிகலாயெவிச். பெலாரூஸ் பாஸ்போர்ட்டில் இரு மொழியிலும் பெயர் இருக்கும். அதன் நகலை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. ரஷ்யத்தில் உள்ள ஆவணத்தில் முத்திரை மட்டும் பெலாரூசியத்தில் இருந்தாலும் அதையும் பெயர்க்கச் சொல்லுங்கள்.

நோட்டரி சான்று தேவையா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பெலாரூஸில் நோட்டரி சான்றளிப்பது மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கு. போலந்தின் வார்சாவில் இருக்கும் ஃப்ரீலான்ஸர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மின்ஸ்க் நோட்டரி முன் அவர் அங்கிருந்தபடியே கையெழுத்திட முடியாது.

பணம் அனுப்பும் வழியையும் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். 2022இல் ஃப்ரீலான்ஸர்களுக்கு வேலை பிடித்துத் தரும் அப்வொர்க் தளம் பெலாரூஸில் சேவையை நிறுத்தியது. அதே ஆண்டு அந்நாட்டு வங்கிகள் சில, நாடுவிட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து நீக்கப்பட்டன.

கடைசியாக, நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று. அங்கே பல சுதந்திர ஊடகங்களின் உள்ளடக்கத்தை அரசு 'தீவிரவாதப் பொருள்' எனப் பட்டியலிட்டிருக்கிறது. அத்தகைய உரையை நாட்டுக்குள் இருப்பவருக்கு முன்னறிவிப்பின்றி அனுப்பவே அனுப்பாதீர்கள். அது எதைப் பற்றியது, எங்கே வெளியாகும் என்று முதலில் சொல்லுங்கள். அவர் மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். ஒப்புக்கொண்டாலும் அவருடைய சம்மதம் இல்லாமல் பெயரை அச்சிடாதீர்கள்.