பியோனியின் பூ போன வருஷமே தயார்

பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: செடி செழிப்பாக இருக்கிறது, இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூவை மட்டும் காணோம். உடனே உரம் வாங்கிக் கொட்டுகிறார்கள். தழைச்சத்து அதிகமுள்ள உரமாக இருந்தால் இலை இன்னும் செழிக்கும், பூ இன்னும் குறையும். இதில் பலர் கவனிக்காத விஷயம், மே கடைசியிலோ ஜூனிலோ விரியும் பூ அந்த வருஷம் உருவானதே அல்ல என்பது. முந்தைய கோடையிலேயே மண்ணுக்குள் அதன் வேலை தொடங்கிவிடுகிறது.

கனடா, அமெரிக்கா, ஐரோப்பா வீட்டுத் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது, சீனாவையும் சைபீரியாவையும் தாயகமாகக் கொண்ட பியோனியா லாக்டிஃபுளோரா இனத்தின் வழிவந்த வகைகள். 1851-இல் வந்த வெள்ளைப் பூ 'ஃபெஸ்டிவா மாக்சிமா'வும், 1906-இல் பிரான்சில் செடி வளர்ப்பாளர் லெமுவான் அறிமுகப்படுத்திய ரோஸ் நிற 'சாரா பெர்னார்ட்'டும் இன்றும் கடைகளில் விற்கின்றன. குளிர்காலத்தில் இவற்றின் தண்டு முழுக்கக் காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்குபோலத் தடித்த வேர்களும், அவற்றின் தலைப்பகுதியில் சிவந்த முளைகளும் மட்டும் உயிரோடு இருக்கும்.

அந்த முளைதான் எல்லாமே. பூ உதிர்ந்த பிறகு இலைகள் தயாரிக்கும் சர்க்கரை வேருக்குப் போய் மாவுச்சத்தாகச் சேர்கிறது. அதே காலத்தில் முளையின் நுனி, இலை உண்டாக்குவதை நிறுத்திவிட்டுப் பூ உண்டாக்கும் நிலைக்கு மாறுகிறது. இலையுதிர் காலத்தில் ஒரு முளையை நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுத்த வருஷப் பூவின் ஆரம்ப உறுப்புகளைக் காணலாம். இது தெரிந்தால், பூ முடிந்ததும் "அசிங்கமாக இருக்கிறது" என்று ஜூலையிலேயே செடியை வெட்டுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது புரியும். ஜாடிக்குப் பூ பறிக்கும்போதும் தண்டில் இரண்டு மூன்று இலைகளையாவது செடியிலேயே விட்டுவிட வேண்டும். இலை தானாகப் பழுத்துக் காய்ந்த பிறகு வெட்டலாம். அப்போது அடியோடு வெட்டி அப்புறப்படுத்துவது நல்லது. மொட்டைக் கறுக்கவைக்கும் போட்ரைட்டிஸ் பூஞ்சை அந்தக் குப்பையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

சரி, பூ தயார். அது உடனே ஏன் வெளியே வருவதில்லை? முளை உறக்கத்தில் இருக்கிறது. நவம்பரில் தொட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து வைத்தாலும் அது சரியாக வளராது. 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையான குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் உறக்கம் கலையும். வகையைப் பொறுத்து 500 முதல் 1,000 மணி நேரம் வரை என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. இந்த உறக்கம் எப்படி நடக்கிறது என்பதைப் பாப்லர் மரத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். செல்களுக்கு இடையே செய்தி போகும் நுண்ணிய வழிகளை 'காலோஸ்' என்ற பொருள் அடைத்துக்கொள்கிறது. நீண்ட குளிரில் அந்த அடைப்பைக் கரைக்கும் நொதிகள் உருவாகின்றன, வழி திறக்கிறது. இதில் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. பியோனிக்கு அதை வெளியிலிருந்து கொடுத்தால் குளிர்த் தேவையில் ஒரு பகுதி குறைகிறது. குளிர் போதாத இஸ்ரேலில், பூவை முன்கூட்டியே சந்தைக்குக் கொண்டுவர, குளிர் அறையையும் ஜிப்ரெல்லினையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இணையத்தில் கிழங்கு வாங்கிச் சென்னையில் நட்டால், சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்தைக் கொண்டு சில தளிர்கள் வரலாம், அதோடு சரி. தொட்டியில் ஐஸ் கட்டி போடும் யோசனையெல்லாம் வேலைக்கு ஆகாது. இந்தியாவில் பியோனி காட்டில் வளர்வதைப் பார்க்க இமயமலைக்குத்தான் போக வேண்டும். காஷ்மீர், உத்தராகண்ட் மலைச்சரிவுகளில் பியோனியா எமோடி வெள்ளையாகப் பூக்கிறது.

நடும் ஆழத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் டியூலிப் கிழங்கை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்த கையோடு பியோனியையும் அப்படியே புதைத்துவிடுகிறார்கள். பியோனியின் முளைக்கு மேலே 3 முதல் 5 சென்டிமீட்டர் மண் போதும். அதற்குக் கீழே போனால் இலை வரும், பூ வராது. முதலில் சரியாக நட்டிருந்தாலும், வருஷா வருஷம் மேலே கொட்டும் மட்கு உரமும் மரத்தூளும் சேர்ந்து ஆழத்தைக் கூட்டிவிடும். பத்து வருஷம் நன்றாகப் பூத்த செடி திடீரென நிறுத்தினால் முதலில் அங்கே தோண்டிப் பாருங்கள். அப்புறம் வெயில்: தினமும் ஆறு மணி நேரமாவது வேண்டும். பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழுந்தாலும் பூ நின்றுவிடும்.

மொட்டில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துப் பலர் பயந்து மருந்து அடிக்கிறார்கள். வேறு சிலர், எறும்பு தொடாமல் மொட்டு விரியாது என்று நம்புகிறார்கள். இரண்டுமே வேண்டாம். மொட்டின் வெளி இதழ்கள் தேன் போன்ற நீரைச் சுரக்கின்றன. எறும்பு அதைக் குடிக்க வருகிறது, வந்த இடத்தில் மொட்டைக் கடிக்கும் பூச்சிகளையும் விரட்டுகிறது. எறும்பே இல்லாவிட்டாலும் பூ விரியும்.

இந்தச் செடி வெப்பநிலைக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதற்கு அலாஸ்கா நல்ல சாட்சி. வட அரைக்கோளத்தின் மற்ற பல இடங்களில் ஜூனோடு பூ முடிந்துவிடும். அங்கே மண் தாமதமாகச் சூடேறுவதால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூக்கிறது. ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியர் பாட் ஹாலோவே 2001-இல் சோதனை நடவைத் தொடங்கினார். கோடைத் திருமணங்களுக்குப் பியோனி கேட்டு, கிடைக்காமல் தவித்த பூ வியாபாரிகளுக்கு அது புதிய வழியைத் திறந்தது. இன்று அங்கே பல பண்ணைகள் இருக்கின்றன. ஆனால் அங்கும், நட்ட முதல் சில வருஷங்களுக்கு விவசாயிக்கு வருமானம் கிடையாது. வேர் பருத்து முளை பெருகும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும்.