குளோபல் ஹெல்த் முதுகலை: வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கும் முன்

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, குடியாத்தத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் பி.டி.எஸ். முடித்து இரண்டு வருடம் பல் கிளினிக்கில் வேலை பார்த்தவள். அப்பா கைலி நெய்பவர், சொந்தமாக நான்கு தறி. கையில் இருந்த மஞ்சள் பைக்குள் குளோபல் ஹெல்த், அதாவது உலகளாவிய பொதுச் சுகாதாரம், முதுகலை படிக்க இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்த அட்மிஷன் கடிதம், பேங்க் ஃபாரம், அப்புறம் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ்.

"இத படிச்சா டபிள்யூ.ஹெச்.ஓ.வுல வேலைன்றாங்க மேடம், நெசமா?" என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சொல்லிக் கேட்டார் அப்பா. ஏஜென்ட் கொடுத்த வண்ணத் தாளை மகள் மேசையில் விரித்தாள். அதில் பெரிய எழுத்தில் ஒரே வரி: எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள்.

வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருபது வருடத்துக்கு மேலாகப் பொதுச் சுகாதார வேலை செய்கிறேன். திட்டங்களுக்கு ஆள் எடுக்கும்போது இன்டர்வியூ மேசையிலும் உட்காருகிறேன். அந்த மேசைக்கு வருகிற வெளிநாட்டு முதுகலைப் பட்டங்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன. கடனோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்து மனசு கனத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 90 சதவீதத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். எங்கள் தொழிலில் எந்தச் சதவீதத்தைக் காட்டினாலும் முதல் கேள்வி, எத்தனை பேரில் என்பதுதான். உதாரணத்துக்கு 100 பேர் படிப்பை முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியவர்கள் 50 பேர். அதில் 45 பேர் வேலையிலோ மேற்படிப்பிலோ இருப்பதாகச் சொன்னார்கள். 90 சதவீதம் வந்துவிட்டது. பதில் எழுதாத 50 பேர் எங்கே? வேலை கிடைக்காதவர்களுக்குப் பழைய கல்லூரியின் கேள்வித்தாளை நிரப்ப மனசு வராது, அது இயல்பு. சரி, அந்த 45 பேரையே எடுப்போம். 20 பேர் ஏற்கெனவே டாக்டர்கள், படிப்பு முடிந்ததும் பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனவர்கள். 8 பேர் பிஹெச்.டி. சேர்ந்தவர்கள். மிச்சம் 17. அதிலும் ஆறு மாத ஒப்பந்தம், பகுதி நேரம், படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை எல்லாம் கலந்திருக்கும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. கூட்டுகிற விதம் மட்டும் உண்மையில் இப்படித்தான்.

கேட்கும் காலமும் முக்கியம். பிரிட்டனில் பட்டதாரிகளிடம் நடத்தும் பொதுவான கணக்கெடுப்பு, படிப்பு முடிந்து 15 மாதம் கழித்துக் கேட்கிறது. ஒரு பல்கலைக்கழகம் ஆறாவது மாதத்தில் கேட்டிருக்கும், இன்னொன்று ஒரு வருடம் கழித்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. எந்த வருடம் முடித்தவர்கள் என்றும் பாருங்கள். 2023-இல் முடித்தவர்கள் நுழைந்த வேலைச் சந்தை இன்று இல்லை.

இல்லாமல் போனது எப்படி என்பதை ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். ஆற்காட்டுப் பக்கம் ஊர். லண்டனில் படித்துவிட்டு, ஆப்பிரிக்காவில் ஒரு எச்.ஐ.வி. திட்டத்தில் தகவல் ஆய்வாளராகச் சேர்ந்தான். அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் ஓடிய திட்டம். 2025 ஜனவரி 20-ஆம் தேதி புதிய அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி ஆணை போட்டார். அந்த வாரமே வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. மார்ச் மாதம், அந்த உதவிப் பணத்தைக் கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்ததாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஜூலையில் அந்த அமைப்பையே வெளியுறவுத் துறைக்குள் கரைத்துவிட்டார்கள். பிரிட்டனும் தன் உதவித்தொகையை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2026-27 பட்ஜெட்டை 21 சதவீதம் வெட்டி 420 கோடி டாலருக்குக் கொண்டுவந்தது. இந்தப் பணத்தில்தான் குளோபல் ஹெல்த் வேலைகளில் பெரும்பங்கு ஓடியது. பத்து, இருபது வருட அனுபவம் உள்ளவர்களே வேலை இழந்து வெளியே நிற்கிறார்கள். புதிதாகப் படித்துவிட்டு வரும் பிள்ளை அவர்களோடுதான் போட்டி போட வேண்டும். பையன் அந்த முதல் உத்தரவுக்கு அடுத்த மாதமே, பிப்ரவரியில், ஊர் திரும்பிவிட்டான்.

டபிள்யூ.ஹெச்.ஓ. கனவைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அங்கே சர்வதேசப் பதவிகளில் கீழ்ப்படியான பி-2 வேலைக்கே பட்டத்தோடு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். பி-3 என்றால் ஐந்து வருடம். புதியவர்களை எடுக்கும் இளநிலை அதிகாரி வேலைகளுக்குப் பெரும்பாலும் பணக்கார நாடுகள் தங்கள் குடிமக்களுக்காகச் சம்பளம் கட்டுகின்றன. படித்து முடித்த கையோடு அங்கே போக நம் பிள்ளைகளுக்கு வழி மிகக் குறைவு.

விசாவை ஏஜென்ட் ஒரே வரியில் முடித்துவிடுவார். பிரிட்டனில் படிப்புக்குப் பிறகு தங்கும் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பிறகு வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து வருடம் 41,700 பவுண்டு. புதுப் பட்டதாரிகளுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு, ஆனாலும் தொண்டு நிறுவனங்களின் ஆரம்பச் சம்பளத்துக்கு அது எட்டாத உயரம்தான். அமெரிக்காவில் பட்டத்தின் பெயரே வித்தியாசம் செய்யும். எபிடெமியாலஜி (நோய்ப்பரவியல்), பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (உயிரியல் புள்ளியியல்) பொதுவாக அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் வருவதால், படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் கேட்கலாம். வெறும் குளோபல் ஹெல்த் பட்டத்துக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை.

கடனைப் பொறுத்தவரை, அரசு வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆறு மாத ஒப்பந்த வேலையை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே வேலை இல்லையா என்றால், இருக்கிறது. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. ஆனால் அந்தத் துறையின் அதிகாரிப் பதவிகள் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கானவை. மற்றவர்களுக்கு தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்த வேலைகள், ஆராய்ச்சித் திட்டங்கள், ஆஸ்பத்திரிகளின் தரப் பிரிவு, இன்சூரன்ஸ், பெங்களூரு, சென்னையில் மருந்து ஆய்வு கம்பெனிகள். இவையும் நல்ல வேலைகள்தான். இங்கேதான் போகப்போகிறோம் என்று தெரிந்தால் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் ஃபீஸ் கட்டத் தேவையில்லை. திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம், சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், நம் வேலூரில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி என்று எம்.பி.ஹெச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை, படிக்கப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது.

இன்டர்வியூவில் நாங்கள் பார்ப்பது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலிருந்து 200 வரிகளை லேப்டாப்பில் திறந்து வைப்போம். இதில் என்ன தப்பு என்று கேட்போம். வெளிநாட்டில் படித்த ஒரு பையன் சுகாதார சமத்துவம் பற்றி அழகாகப் பேசினான், திரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், ஒன்றும் பிடிபடவில்லை. அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். அடுத்து வந்த அணைக்கட்டுப் பெண் வயது எழுதிய கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினாள். "மேடம், எல்லா வயசும் 30, 35, 40ன்னே இருக்கு. வயசு தெரியாதவங்ககிட்ட உத்தேசமா கேட்டு எழுதிட்டாங்க போல. ஊர்ல எந்த வருஷம் என்ன நடந்ததுன்னு ஞாபகப்படுத்திக் கேட்டிருக்கணும்" என்றாள். கிராம சுகாதார செவிலியரோடு ஆறு மாதம் நடந்தவளாம். அவளைத்தான் எடுத்தோம்.

இந்த அறிவு நம்மைச் சுற்றியே கிடக்கிறது. வேலூர் பக்கத்துக் கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராமச் சுகாதார, சமூகப் பணி மையமான ரூசா 1977-லிருந்து நடக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் விமானம் ஏறி வந்து அங்கே சில வாரம் தங்கிக் கற்றுக்கொண்டு போகிறார்கள். நமக்கோ ஒரு பஸ் டிக்கெட். குழந்தைகளின் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குக்கு இந்தியாவில் உருவான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் கடைசிக் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்று இடங்களில், 6,799 குழந்தைகளோடு நடந்தது. அப்படி ஒரு சோதனைக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்ப்பவர், மாதிரி சேகரிப்பவர், தகவலைச் சரிபார்ப்பவர், மருந்தின் குளிர்நிலையைக் காப்பவர் என்று எத்தனை பேர் வேண்டும், யோசித்துப் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்றை நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கு, ஒரு திட்டம் மூடினாலும் அடுத்த திட்டத்தில் இடம் இருக்கும். ஆற்காட்டுப் பையன் இப்போது காசநோய்த் தகவல் வேலையில் இருக்கிறான். அவனைக் காப்பாற்றியது புள்ளிவிவர மென்பொருள் கைக்கு வந்திருந்ததுதான்.

குடியாத்தத்துப் பெண்ணிடம் இரண்டு வேலை கொடுத்து அனுப்பினேன். லிங்க்ட்இன்னில் அந்தப் படிப்பை இரண்டு வருடம் முன் முடித்த இருபது பேரைத் தேடி, படிக்கும் முன் என்ன வேலை, இப்போது என்ன வேலை, எந்த நாடு என்று மூன்று கட்டம் போட்டு எழுதச் சொன்னேன். அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில்: முடித்தவர்கள் எத்தனை, பதில் சொன்னவர்கள் எத்தனை, அவர்களில் டாக்டர் அல்லாத இந்தியர்கள் எத்தனை, வேலைகளின் ஒப்பந்தக் காலம் என்ன?

பத்து நாள் கழித்து அப்பாவோடு திரும்ப வந்தாள். நோட்டில் இருந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவை படிக்கும் முன்பே அவர்களிடம் இருந்த வேலைகள். மெயிலுக்கு ஃபீஸில் சலுகை தருவதாகவும் ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டும்படியும் பதில் வந்திருந்தது. நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. அப்பா அந்தப் பதிலை இரண்டு முறை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் பத்திரத்தின் ஜெராக்ஸை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "கே.வி.குப்பம் பஸ் எங்க நிக்கும் மேடம்?" என்று கேட்டார்.