மணப்பாட்டுப் பாறையில் அந்தக் கறுப்புத் திட்டு

கடலோரப் பாறையில் கறுப்பாக இருந்தால் தார், வெள்ளையாக இருந்தால் பறவை எச்சம், ஆரஞ்சாக இருந்தால் யாரோ பெயின்ட் கொட்டியது. தென்கடலோரத்து மணப்பாடு, உவரி பக்கம் மாணவர்களோடு போகும்போதெல்லாம் அவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். அவற்றில் சில லைக்கனாக இருக்கலாம். பூஞ்சையும் பாசியும் ஒட்டி வாழும் உயிர். சமையலில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். "அப்போ இதையும் குழம்புல போடலாமா சார்?" என்று ஒருவராவது கேட்பார். வேண்டாம். லைக்கன்களில் நச்சுள்ளவையும் உண்டு.

பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டு, கீழே கறுப்பு, நடுவே ஆரஞ்சு, மேலே சாம்பல் என்று மூன்று லைக்கன் பட்டைகளைத் தேடாதீர்கள். அது பிரிட்டன் போன்ற குளிர்நாட்டுக் கரைகளின் கணக்கு. வெப்பநாட்டுக் கரையில் அலை தெறிக்கும் இடத்துக் கறுப்பு பெரும்பாலும் லைக்கன் அல்ல, நீலப்பசும்பாசி. நனைந்தால் வழுக்கும், நிதானமாகக் கால் வையுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். பாறையோடு முகத்தை வைத்துப் பாருங்கள். தார் என்றால் வழவழப்பாக இருக்கும், வெயிலில் இளகும். பாறையோடு ஓடுபோல ஒட்டிப் படரும் ஓட்டு வகை லைக்கன் என்றால் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி நுண்ணிய வெடிப்புகள் தெரியும். கறுப்பு வகைகளில் ஊசிமுனை அளவு புடைப்புகள் இருக்கும். பூஞ்சையின் வித்துகள் அதற்குள்தான். வேறு சிலவற்றில் குட்டித் தட்டுகள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பல லைக்கன்கள் பச்சை காட்டும்.

நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பதை நான் ஏற்பதில்லை. ஆரஞ்சு லைக்கன்கள் பலவற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு பட்டதும் ஊதா வரும். கடலோர மரப்பட்டைகளில் சாம்பல் நாடாக்களாகத் தொங்கும் ரோசெல்லா, பிளீச் கரைசல் பட்டால் சிவக்கும். லிட்மஸ் சாயம் எடுத்தது இந்த இனத்திலிருந்துதான். ஆனால் இதெல்லாம் லைக்கனின் ஓர் ஓரத்தில், பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

சுரண்டி எடுக்க வேண்டாம். ஓட்டு வகைகளில் பல, ஓர் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. பாறையில் காதலி பெயர் எழுதுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது, தெரியவில்லை. நாணயம் ஒன்றை ஓரமாக வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் அலை எட்டும் எல்லையிலிருந்து உயரம், வெயில் படும் பக்கமா, பாறை என்ன வகை என்று குறியுங்கள். மணப்பாட்டில் இருப்பது சுண்ணாம்பு கலந்த மணற்கல். கருங்கல்லில் வளர்வது வேறு கூட்டம்.