கெட்டிக்காரக் குழந்தைக்கு ஏன் கணக்கு தடுமாறுகிறது?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் தொடக்கநிலை நான்கில், ஜி.இ.பி. என்று எல்லோரும் சொல்லும் மீத்திறன் கல்வித் திட்டத்தில் படிக்கிறாள். தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளைச் சில பள்ளிகளில் தனி வகுப்பாகச் சேர்க்கும் திட்டம் அது. போன வருடம்வரை கணக்கை விளையாட்டாகப் போட்டவள், இப்போது சோதனை நாள் காலையில் வயிற்றுவலி என்கிறாள். வீட்டில் சரியாகப் போடும் கணக்கு வகுப்பில் தப்பாகிறது. "நாங்கள் நினைத்த அளவுக்கு அவள் புத்திசாலி இல்லையோ?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. பதற்றம் வந்தால் அதிகம் இழப்பது பெரும்பாலும் திறமையான பிள்ளைகள்தான்.

எழுதாமல் ஒரு கணக்குப் போடுங்கள்: 51இல் 19 போனால் வருவது 4ஆல் மீதியின்றி வகுபடுமா? 1இல் 9 போகாது, கடன் வாங்க வேண்டும். 11இல் 9 போக 2. அந்த 2ஐ விடாமல் பிடித்துக்கொண்டு, கடன் கொடுத்த 5 இப்போது 4 என்பதையும் மறக்காமல், 4இல் 1 போக 3. ஆக 32. அப்புறம் வகுத்தல். இத்தனையையும் ஏந்திக்கொள்ளும் இடத்துக்குச் செயல் நினைவகம் என்று பெயர். மிகச் சிறிய இடம். ஒரே நேரத்தில் நான்கு தகவல்கள் அளவுதான் அதில் நிற்கும் என்று 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் கணித்தார்.

இதே வகைக் கணக்கை 2005இல் உளவியலாளர்கள் சியன் பைலாக்கும் தாமஸ் காரும் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். முதலில் சாதாரணமாக. பிறகு கேமரா வைத்து, பணப்பரிசு சொல்லி, "நீ சரியாகச் செய்யாவிட்டால் உன் கூட்டாளிக்கும் பரிசு கிடையாது" என்ற நெருக்கடியோடு. செயல் நினைவகம் குறைவாக இருந்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அதிகமாக இருந்தவர்களோ கடினமான கணக்குகளில் சரிந்து, மற்றவர்களின் மட்டத்துக்கே வந்துவிட்டார்கள்!

காரணம் அழகானது. இடம் குறைவாக உள்ளவர் எப்போதுமே குறுக்குவழியில் போகிறவர். கழித்து வருவது இரட்டைப்படை எண், 4ஆல் வகுபடக்கூடும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவார். நெருக்கடியில் அவர் இழக்க அதிகம் இல்லை. இடம் நிறைய உள்ளவர் படிப்படியாக, முழுசாகப் போட்டே பழகியவர். "தப்பாகிவிட்டால்?" என்ற கவலை உள்ளே பேசத் தொடங்கியதும், அந்தப் பேச்சும் அதே இடத்தில்தான் உட்கார்கிறது. பிடித்து வைத்திருந்த 2 நழுவிவிடுகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடமும் இதே போக்கை 2013இல் பைலாக் குழுவினர் கண்டார்கள்.

கவலை சொற்களாக ஓடுவதால், மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் போடும் கணக்குதான் அதிகம் அடிபடும். பக்கவாட்டில் எழுதிய கணக்கு அப்படிப்பட்டது. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியது குறைவாகவே பாதிக்கப்படுகிறது. ஆகவே சோதனையில் மனக்கணக்கு வேண்டாம், கடன் வாங்கிய எண்ணைக்கூடக் காகிதத்தில் எழுதட்டும்.

இன்னொன்றும் நடந்திருக்கும். பழைய வகுப்பில் அவள்தான் முதல். தேர்ந்தெடுத்த பிள்ளைகள் நடுவே வந்ததும் அதே திறமை சராசரியாகிவிட்டது. இப்படி இடம் மாறும் பிள்ளைகளுக்குத் தங்கள் திறமைமேல் உள்ள நம்பிக்கை குறைவதைக் கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்தே காட்டிவருகிறார். வீட்டில் வகுப்புத் தரவரிசை பற்றிய பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். 1984இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை இப்போதைய வடிவில் முடித்துக்கொண்டு, பள்ளிகளிலேயே திறன்மிக்க மாணவர்களுக்கு வழிசெய்யப் போவதாக 2024 ஆகஸ்ட்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். பிள்ளைகள் தங்கள் நண்பர்களோடேயே இருக்கலாம் என்பதால் எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது.

மூளைத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் "நடுமூளைத் தூண்டல்" வகுப்புகளுக்குத் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் கட்டுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகத்தான் பார்க்கிறார்கள். பதற்றமான குழந்தைக்கு இன்னொரு வித்தை காட்டும் சுமை எதற்கு?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் வினோத் மேனன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எட்டு வாரம் தனியாக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்குப் பயம் அதிகமிருந்த குழந்தைகளுக்கு அது குறைந்தது. பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் துடிப்பும் அடங்கியது. பக்கத்தில் பொறுமையான ஒரு பெரியவர் இருக்க, பயந்த விஷயத்தையே திரும்பத் திரும்பச் செய்ததுதான் மருந்து. அதை நீங்களே செய்யலாம், கடிகாரம் வைக்காமல். வயிற்றுவலி வாரக்கணக்கில் நீடித்தாலோ பள்ளிக்கே போக மறுத்தாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள், பள்ளியின் ஆலோசகரிடமும் பேசுங்கள்.