கேண்டில்பின்: திரிக்கட்டைப் பந்துருட்டு

மால்களில் பவுலிங் ஆடியிருப்பீர்கள். விரல் நுழையும் துளையுள்ள கனத்த பந்து, குப்பி வடிவக் கட்டைகள் பத்து. கேண்டில்பின் அதன் ஒன்றுவிட்ட உறவு. 1880 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் பிறந்தது. அந்த மாநிலத்திலும் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் பக்கத்திலும், கனடாவின் கிழக்குக் கரையோர மாகாணங்களிலும் ஆடுகிறார்கள். அந்த வட்டாரத்தைத் தாண்டினால் பெயரே பலருக்குத் தெரியாது. அந்தப் பெயரைத் தமிழாக்கிப் பார்ப்போம்.

'கேண்டில்' மெழுகுதிரி, 'பின்' முளை. ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரம், நடுவில் சற்றே பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய ஒல்லிக் கட்டை. மெழுகுதிரி போல நிற்பதால் அந்தப் பெயர். மெழுகுவர்த்தியின் 'வர்த்தி' வடமொழி, அதற்குப் பொருளே திரிதான். இலங்கையில் 'மெழுகுதிரி' என்றே சொல்கிறார்கள். ஆகவே 'திரி' போதும்.

'பவுல்' என்பதில்தான் சிக்கல். சாப்பிடும் கிண்ணத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது லத்தீன் 'புல்லா', அதாவது நீர்க்குமிழி. உருண்டையான பொருளைக் குறித்து, பிறகு அதை உருட்டுவதையும் குறித்தது. கிரிக்கெட்டிலும் ஆதியில் பந்தைத் தரையோடு உருட்டித்தான் விட்டார்கள்; கை மேலே ஏறியது பின்னாளில். அதனால் கிரிக்கெட்டுக்குப் 'பந்துவீச்சு' சரி. இங்கே அதே சொல்லை ஒட்டினால் தப்பு. தடத்தில் 10 அடி தூரத்தில் ஒரு கோடு உண்டு. அதற்கு முன்பே பந்து தரையைத் தொட்டாக வேண்டும். வீசக் கூடாது என்பதுதான் விதியே! உருட்டு என்பதே பொருந்தும். இன்றைய பேச்சில் 'உருட்டு' என்றால் வாய் கூசாத பொய் என்பது வேறு கதை.

'பின்' என்பதற்கு 'முளை' எனலாம்தான். ஆனால் முளை மண்ணில் அடித்து இறுக்குவது. இது சும்மா நிற்பது. நான் 'கட்டை' என்பேன். காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. மற்ற பவுலிங்கில் விழுந்த கட்டையை அடுத்த உருட்டலுக்கு முன் அகற்றிவிடுவார்கள். இங்கே ஒரு கட்டத்துக்கு மூன்று பந்து. மூன்றும் முடியும் வரை விழுந்தது விழுந்தபடியே கிடக்கும். அதை ஆட்டக்காரர்கள் அழைப்பது 'வுட்', அப்படியே நம் கட்டை. கட்டை சாய்ந்தது என்றால் நம்மூரில் கதை முடிந்தது. இங்கே சாய்ந்த கட்டைதான் அடுத்த பந்துக்குத் துணை, அதில் மோதிச் சுழலவிட்டு மற்றதைத் தட்டலாம். 'திரிக்கட்டை உருட்டு' என்றால் தாயக்கட்டை போல் கட்டையையே உருட்டுவதாகிவிடும். எனவே திரிக்கட்டைப் பந்துருட்டு.

சரி, ஆடும் இடம்? ஆங்கில 'ஆலி' என்றால் சந்து. பந்து ஓடும் தடம் சந்து போல் நீள்வதால் வந்தது, பிறகு முழுக் கட்டடத்துக்கும் ஆகிவிட்டது. நமக்குப் 'பந்துருட்டுக்கூடம்'. கூடம் என்பது வீட்டில் எல்லோரும் வந்து உட்காரும் இடமும்கூட என்பதால் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. மாசசூசெட்ஸின் ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1906இல் தொடங்கிய கூடம் அப்படிப்பட்டதுதான். பந்து உள்ளங்கையில் அடங்கும், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பேரனும் பாட்டியும் ஒரே தடத்தில் ஆடலாம். வாரம் தவறாமல் வரும் குழுக்களுக்கு 'லீக்' என்று பெயர். வாரக்குழு என்றால் புரியும். இயந்திரம் வருமுன் கட்டையை நிமிர்த்தி வைத்ததும் உள்ளூர்ப் பையன்களே.

சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். முழுமதிப்பெண் 300. இதுவரை ஒருவரும் தொட்டதில்லை. உச்சம் 245: 1984இல் ரால்ஃப் செம்ப், 2011இல் கிறிஸ் சார்ஜன்ட்.

ஒரு சொல்லை மட்டும் நான் தமிழாக்கப் போவதில்லை. நேராகப் போன பந்து இரண்டே கட்டைகளைச் சாய்த்துவிட்டு எட்டை நிற்கவைத்து நழுவினால், 'ஹாஃப் உஸ்டர்' என்று தலையில் கைவைப்பார்கள். ஊர்ப்பெயர், அரை உஸ்டர் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.